இரண்டு விரல் இடைவெளி

நின்கேயின் காணொளிகளை வெட்டி ஒட்டுபவன் நான்.
ஹார்லிங்கன் துறைமுகம், மீன் பொரிக்கும் கடைக்கு மேல்மாடி.
கூலி, வெளியாகும் நிமிடக் கணக்கில்.
எனக்குக் குதிரை ஏறத் தெரியாது.
கிட்டப் போனாலே தும்மல்.
குதிரைக்குப் பத்து முழம் என்பது
எனக்கு மருத்துவர் சொன்ன அளவு.

ஆனாலும் யெல்மாவைத் தெரியும்.
நொடிக்கு அறுபது படமாக
மூன்று வருடம் பார்த்திருக்கிறேன்.
கரிய ஃப்ரீசியன் பெண்குதிரை.
முழங்காலைத் தொடும் அதன் பிடரிக்கு
ஒரு எண்ணெய்க் கம்பெனி பணம் தருகிறது.

நான் எடுத்துவிடுபவை:
காது பின்னுக்கு மடியும் நொடி.
வால் சுழன்று அடிக்கும் நொடி
(அந்தக் காற்றில் எந்த ஈ பறக்கும்?)
கண்ணோரம் வெள்ளை பிறையாகத் தெரியும் நொடி.
கடிவாளம் இழுபட, வாய் பிளந்து
நாக்கின் ஓரம் நீலமாகும் நொடி.
அதற்கு முதலில் வண்ணம் மாற்றிப் பார்த்தேன்.
சரிவரவில்லை, வெட்டினேன்.

மிச்சத்துக்கு வயலின் போடுவேன்.
அந்தி, ஈர மணல்,
தலைக்கவசம் இல்லாத பொன்னிறக் கூந்தல்,
அலையை உடைத்துக்கொண்டு நான்கு குளம்பு.
நீங்களும் பார்த்திருக்கலாம்.
பதினெட்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

வெட்டியதை அழிக்கவில்லை.
'குப்பை' என்று ஒரு கோப்பு, அதில் போட்டு வைத்தேன்.
மனசாட்சி என்று நினைத்துவிடாதீர்கள்,
வட்டில் இடம் இருந்தது.

மார்ச் மாதம் நின்கே படியேறி வந்தாள்,
இடது கை தூளியில்.
காறை எலும்பு முறிந்திருந்தது.
"விழுந்ததைப் போட்டுவிடு, நன்றாக ஓடும்.
மேலே எழுது:
எந்த முன்னறிவிப்பும் இல்லாமல்
தூக்கி எறிந்துவிட்டது என்று."

நான் கோப்பைத் திறந்தேன்.
நாற்பத்தொரு நிமிடம்
முன்னறிவிப்பு.

காது. வால். காது. கண்.
கீழே எண்ணெய் கொதித்தது, யாரோ மீன் கேட்டார்கள்.
பன்னிரண்டாம் நிமிடத்தில் அவள் நிறுத்தச் சொன்னாள்.
திரையில் இரண்டு விரலை வைத்து விரித்தாள்.
மூக்கைச் சுற்றிய வார் பெரிதாகியது,
அது பதிந்த சதை பெரிதாகியது,
ஒரு கட்டத்துக்கு மேல் கட்டங்கட்டமாகச் சிதறி
வாரும் சதையும் ஒரே கறுப்பு.

அந்த வாருக்கு அடியில்
இரண்டு விரல் நுழைய வேண்டும்.
இது எனக்கே தெரியும்.
அவள் தன் காணொளிகளில்
நான்கு முறை சொல்லியிருக்கிறாள்,
நான்தான் எழுத்துப் போட்டேன்.

வாயில்லா ஜீவன் என்கிறோம்.
வாய் இருக்கிறது.
வார் போட்டுப் பூட்டிவிட்டு
மேலே ஏறிக்கொண்டு சொல்கிறோம்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன்.
"இதை வேறு யார் பார்த்திருக்கிறார்கள்?"
அதுதான் கேட்டாள்.
யாருமில்லை என்றேன்.
ஒற்றைக் கையால் கோட்டுப் பொத்தானோடு
வெகுநேரம் போராடினாள்.
உதவட்டுமா என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு கோப்பு வந்தது.
கூட ஒரே சொல்: வெட்டாதே.

லாயம். சாம்பல் வெளிச்சம்.
தலைக்கவசத்துக்குள் கூந்தல் மறைந்த நின்கே
சேணம் இல்லாமல், வார் இல்லாமல்
வெறும் கழுத்துக் கயிற்றோடு
யெல்மாவின் பக்கத்தில் நிற்கிறாள்.
பல் மருத்துவர் ஸ்யூர்ட் தேய்த்துவிட்ட கடைவாயால்
அது வைக்கோலை மெல்கிறது.
மெல்கிறது.
நான் வெட்ட ஏதாவது தேடினேன், கை பழக்கம்.
பத்தொன்பதாம் நிமிடம் தள்ளுவண்டி கடந்தபோது
காது ஒருமுறை மடிந்தது.
நின்கே இரண்டடி பின்னால் போனாள்.
காது நிமிர்ந்தது.
பிறகு யெல்மா கொட்டாவி விட்டது,
மஞ்சள் பல், இளஞ்சிவப்பு நாக்கு,
ஒரு கதவு அளவுக்குத் திறந்த வாய்.

நானூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள்.
எண்ணெய்க் கம்பெனி வேறு பிடரி தேடிக்கொண்டது.
கை கூடியதும் அவள் மறுபடி
கடற்கரைக்குப் போவாளோ, என்னவோ.

இருபத்தேழு நிமிடம்.
ஒரு நொடிகூட நான் தொடவில்லை.
இதற்கு எப்படிப் பில் போடுவது என்று தெரியாமல்
மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.